நாணயச்சாலைப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது: எதை எடுப்பது, எதை விடுவது?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோடு எழுதியிருந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. பத்து வயது மகன் நாணயம் சேர்க்க ஆசைப்படுகிறான், வருடத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்றார். இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். 2010லிருந்து வெளிவந்த நினைவு நாணயம் ஒன்றையும் விடாமல் வாங்கியவர். “இனிமே முடியலை சார், எதை விடறதுன்னு சொல்லுங்க” என்பது அவர் கடிதத்தின் முதல் வரி. மூன்றாமவர் பேத்தியின் காதுகுத்துக்கு வெள்ளியில் ஏதாவது வாங்கலாம் என்று அரசு நாணயச்சாலையின் இணையதளத்துக்குப் போயிருக்கிறார். புரூஃப், யுஎன்சி, வண்ண நாணயம், பதக்கம் என்று வரிசையாக வந்ததைப் பார்த்துக் குழம்பித் திரும்பிவிட்டார்.

சேகரிப்பவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் இப்போது இந்தப் பேச்சுதான். “முன்னே மாதிரி இல்லை, எதற்கெடுத்தாலும் ஒரு காயின்” என்று ஒரு பக்கம் சலிப்பு. “நல்லதுதானே, நம் ஊர்த் தலைவர்களுக்கும் கோயில்களுக்கும் நாணயம் வருகிறதே” என்று இன்னொரு பக்கம் மகிழ்ச்சி. நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ஆனால் பட்டியலில் இருப்பவை எல்லாமே ‘நாணயம்’ என்று நினைத்துக்கொண்டு வாங்குவதில்தான் நம் பணம் வீணாகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## பட்டியல் எப்படி இவ்வளவு நீண்டது

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964ல் நேருவுக்காக வந்தது. 1969ல் காந்தி நூற்றாண்டு. அப்போது வந்த 10 ரூபாய் வெள்ளி நாணயம் 15 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. எழுபது, எண்பதுகளில் உணவு, வேளாண்மை, குடும்ப நலம் போன்ற கருப்பொருள்களில் ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தன. ஒரு சாதாரண சம்பளக்காரர் எல்லாவற்றையும் சேர்த்துவிட முடிந்த காலம் அது.

2006ல் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு நாணயச்சாலைகளும் நோட்டு அச்சகங்களோடு சேர்த்து ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் வந்தன. நாம் சுருக்கமாக எஸ்பிஎம்சிஐஎல் என்று சொல்வது அதைத்தான். நிறுவனம் என்று ஆனபிறகு விற்பனையும் ஒரு வேலையாகிவிட்டது. முகமதிப்புகளும், அதாவது நாணயத்தில் பொறிக்கும் ரூபாய் மதிப்புகளும், விரிந்தன. வருமான வரித்துறையின் 150 ஆண்டுக்கு 150 ரூபாய், கொல்கத்தா நாணயச்சாலையின் 60 ஆண்டுக்கு 60 ரூபாய், நேருவின் 125க்கு 125 ரூபாய், குரு நானக்கின் 550க்கு 550 ரூபாய். எத்தனையாவது ஆண்டோ அத்தனை ரூபாய் நாணயம் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. 2011ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரை எந்த மதிப்பிலும் அடிக்கலாம்.

அடுத்த கட்டம் முகமதிப்பே இல்லாத பொருட்கள். 2024 பிப்ரவரியில் நிதியமைச்சர் வண்ணம் சேர்த்த மூன்று நினைவுப் பொருட்களை வெளியிட்டார்: அயோத்தி ராமர், புத்தர், ஒற்றைக் கொம்பு காண்டாமிருகம். இவற்றையும் ‘நாணயம்’ என்ற பெயரிலேயே விற்கிறார்கள்.

இது இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை. கனடா 2004லேயே புழக்க நாணயத்தில் சிவப்புப் பூவை வண்ணத்தில் அச்சிட்டது. அமெரிக்க அரசு நாணயச்சாலை 2025ல் சூப்பர்மேன் உருவத்தில் தங்க நாணயமும் வெள்ளிப் பதக்கமும் கொண்டுவந்தது. அங்கேயும் பழைய சேகரிப்பாளர்கள் இதே மாதிரி இரண்டாகப் பிரிந்து பேசுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் எதை வாங்குவதானாலும் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

இது நாணயமா? ஒரு பொருள் சட்டப்படி நாணயமாக வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். என்ன உலோகம், எத்தனை எடை, எத்தனை மில்லிமீட்டர், விளிம்பில் எத்தனை வரி, இரண்டு பக்கமும் என்ன படம் என்று எல்லாம் அதில் இருக்கும். பார்த்தவுடன் கண்டுபிடிக்க எளிய வழி: அசோகத் தூணின் சிங்கத் தலை, ‘சத்யமேவ ஜயதே’, பாரத், இந்தியா, ரூபாய் மதிப்பு. இவை இருந்தால் நாணயம். ரூபாய் மதிப்பு இல்லையென்றால் அது பதக்கம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உள்ளே எவ்வளவு உலோகம்? விலையில் எவ்வளவு வெள்ளிக்கு, எவ்வளவு பெட்டிக்கும் பெயருக்கும் என்று தெரிய வேண்டும்.

திரும்ப விற்றால் யார் வாங்குவார்? விற்கப்போவதில்லை என்று எல்லோரும்தான் சொல்கிறோம். நமக்குப் பிறகு பிள்ளைகள் விற்க வேண்டிவரும், அதையும் நினைக்க வேண்டும்.

எப்படிப் பாதுகாப்பது? சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய செலவு.

இது உங்களுக்கு எதையாவது சொல்கிறதா? இதைக் கடைசியில் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

## புழக்க நாணயம்: கையில் வரும் சில்லறை

பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். நினைவு நாணயங்களில் பல இரண்டு வடிவத்தில் வரும். சேகரிப்பாளருக்கு 100 ரூபாய், மக்கள் கைக்கு 5 அல்லது 10 ரூபாய். காமராஜர் நூற்றாண்டுக்கு 2003ல், அண்ணா நூற்றாண்டுக்கு 2009ல், சி. சுப்பிரமணியத்துக்கு 2010ல், எம்.ஜி.ஆருக்கு 2017ல் எல்லாம் 100 ரூபாயோடு 5 ரூபாயும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 2016ல் 100, 10. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு 2010ல் 1000 ரூபாய், கூடவே 5 ரூபாய். அதற்கும் முன்னால், 1995ல் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவத்தோடு சிறு நாணயங்கள் வந்தன.

அண்ணா நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவருடைய தமிழ்க் கையெழுத்து அதில் பொறித்திருக்கும். ஐந்து ரூபாய்ச் சில்லறையில் தமிழ் எழுத்து! கடைக்காரர் மீதிச் சில்லறையாகக் கொடுத்ததில் அதை முதன்முதலில் கண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய எந்தப் பெட்டியும் எனக்கு அந்த மகிழ்ச்சியைத் தந்ததில்லை.

2022 ஜூனில் சுதந்திரத்தின் 75ம் ஆண்டு முத்திரையோடு 1, 2, 5, 10, 20 ரூபாய் வரிசை வந்தது. ஐந்தும் சேர்ந்து முகமதிப்பு 38 ரூபாய். ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறியைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: வைரம் மாதிரி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு குழந்தை இந்த விளையாட்டில் மாட்டிக்கொண்டால் வீட்டில் உண்டியல் தப்பாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால் நேரமும் பொறுமையும்தான். நம் ஊரில் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வடிவமும் வேறு மாதிரி இருக்கவே கள்ள நாணயம் என்று கிளம்பிய வதந்தி. வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் கடைகளில் யாரும் வாங்காத நாணயங்களை அள்ளிக்கொண்டு வந்து தரம் பிரித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் பலர்.

ஒரு எச்சரிக்கை. ‘வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம்’ என்று வரும் செய்தி எதையும் நம்பாதீர்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று 2021ல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

யாருக்கு ஏற்றது: குழந்தைகள், புதிதாகத் தொடங்குபவர்கள், வரலாற்றில் ஆசையும் சிறிய பட்ஜெட்டும் உள்ளவர்கள்.

## யுஎன்சி செட்

புழக்கத்துக்கே போகாமல், நாணயச்சாலையிலிருந்து நேராக அட்டை உறையில் வருவது. அச்சு தெளிவாக இருக்கும், கைபட்ட தேய்மானம் இருக்காது. ஆனால் கண்ணாடிப் பளபளப்பு இருக்காது.

என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். காரணம் எளிது. புரூஃப் செட்டில் இருக்கும் அதே 100 ரூபாய் நாணயம், அதே எடை, அதே உலோகம் இதிலும் இருக்கும். விலை மட்டும் குறைவு. வடிவமைப்பு பிடித்துப்போய் ஒரு நாணயம் வேண்டும் என்பவருக்குப் புரூஃபில் கூடுதலாகக் கிடைப்பது மேற்பரப்பும் பெட்டியும்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய செலவு உறை. எல்லா உறையும் எல்லாக் காலத்துக்கும் தாங்குவதில்லை. அட்டையும் பசையும் ஈரத்தை இழுக்கும், வெள்ளி கலந்த நாணயத்தில் மஞ்சளும் பழுப்புமாகப் படலம் ஏறும். நான் தொடக்கத்தில் கடையில் மலிவாகக் கிடைத்த மெல்லிய பிளாஸ்டிக் ஆல்பத்தில் மாற்றி வைத்தேன். மூன்று வருடத்தில் பச்சையாக ஒட்டும் பிசின் மாதிரி ஒன்று நாணயத்தின் மேல் படிந்துவிட்டது. அது பிவிசி பிளாஸ்டிக் கசிவதால் வருவது என்று பிறகுதான் தெரிந்தது. நாணயத்தை அடைத்து வைக்கும் நல்ல கடினமான பிளாஸ்டிக் கேப்சூல், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம், இரண்டுக்கும் சேர்த்து வாங்கும்போதே பணம் ஒதுக்கிவிடுங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள் இரண்டையும் வெள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கறுத்துவிட்டதே என்று சாம்பலோ பல்பொடியோ போட்டுத் தேய்த்தால் சேகரிப்பு மதிப்பு அன்றோடு சரி.

## புரூஃப் செட்

தனியாக மெருகேற்றிய அச்சு, தனியாகத் தேய்த்துத் தயாரித்த, படம் பொறிக்காத உலோக வில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தி அடிப்பது. அதனால் பின்புலம் கண்ணாடி போலவும் உருவம் பனி படர்ந்த மாதிரியும் தெரியும். மும்பையில் அடித்த புரூஃப் நாணயங்களில் வைரக் குறிக்குப் பதிலாக ஆங்கில எம் எழுத்து இருக்கும். நேரில் பார்த்தால் மனம் போகத்தான் செய்யும், அதில் தப்பில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பல ஆண்டுகள் 100 ரூபாய் நினைவு நாணயம் என்றால் 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் விட்டம் என்றே இருந்தது. உலோகம் நான்கு சேர்ந்த கலவை: வெள்ளி 50, தாமிரம் 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு. 2023ல் புதிய நாடாளுமன்றத்துக்காக வந்த 75 ரூபாய் நாணயமும் இதே கலவைதான். அதாவது உள்ளே வெள்ளி 17.5 கிராம். கணக்கு எளிதாக இருக்க ஒரு கிராம் வெள்ளி 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உலோக மதிப்பு 1,750 ரூபாய். வாங்கும் அன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். தஞ்சைக் கோயிலின் 1000 ரூபாய் நாணயம் இதில் வேறு மாதிரி. அதுவும் 35 கிராம்தான், ஆனால் 80 விழுக்காடு வெள்ளி, ஆக 28 கிராம். 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டுக்கு வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம் எடையில் 99.9 விழுக்காடு தூய வெள்ளி. ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் படம். உள்ளே இருக்கும் வெள்ளி மட்டும் ஒன்றில் 17.5 கிராம், இன்னொன்றில் 40 கிராம். எனவே செட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் அரசிதழ் அறிவிப்பில் உலோக வரியைப் படியுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முகமதிப்புள்ள நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் நாணயச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். ‘எப்படியும் வெள்ளி விலை கிடைக்கும்’ என்ற நம்பிக்கையில் வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். நகைக்கடையில் கொடுத்து உருக்க முடியாத வெள்ளி இது. இன்னொரு சேகரிப்பாளரோ வியாபாரியோ வாங்கினால்தான் பணம். ஒரே வருடத்தில் இத்தனை வெளியீடு வரும்போது வாங்குகிற கைகளும் பிரிந்து போகின்றன.

முன்பதிவுக்கு ஏற்ப அடிக்கும் வழக்கம் இருப்பதால், மொத்தம் எத்தனை அடித்தார்கள் என்பது வாங்குபவருக்கு எளிதில் தெரிவதில்லை. அமெரிக்க நாணயச்சாலை தன் விற்பனை எண்ணிக்கையை வாராவாரம் வெளியிடுகிறது. அரிதா இல்லையா என்று வாங்குபவரே தீர்மானிக்கலாம். நம் சேகரிப்பாளர்கள் நீண்ட நாளாகக் கேட்பதும் இதைத்தான், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வெளியீடு அதிகமாகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் வாங்குபவருக்கு நியாயம் கிடைக்கும். அது தெரியாத வரைக்கும் “இது அபூர்வம், இப்ப விட்டா கிடைக்காது” என்று யார் சொன்னாலும் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

வெளிச்சந்தையில் வாங்கும்போது இன்னொரு ஆபத்து. ஒருமுறை கண்காட்சி ஒன்றில் புரூஃப் என்று நம்பி ஒரு நாணயம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தால் யுஎன்சி நாணயத்தை யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள். எழுத்தோரங்களில் தேய்த்த கோடுகள் ஒரே திசையில் ஓடின. உண்மையான புரூஃபில் பின்புலம் எழுத்தின் அடிவரை ஒரே சீராக மின்னும். அப்போதிருந்து பெட்டியும் சான்றிதழும் சேர்ந்து இல்லாத புரூஃபை நான் வாங்குவதில்லை.

யாருக்கு ஏற்றது: ஒரு குறிப்பிட்ட வெளியீட்டின் மேல் உண்மையான பற்று உள்ளவர்கள், பாதுகாக்க வசதி உள்ளவர்கள். எல்லாவற்றையும் புரூஃபில் வாங்குவது இன்றைய வேகத்தில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

## வண்ண வெள்ளியும் பதக்கங்களும்

நான் மேலே சொன்ன அயோத்தி ராமர் வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். 50 கிராம், தூய வெள்ளி, வெளியானபோது விலை 5,860 ரூபாய். அந்த மாதம் வெள்ளி கிராம் 70 முதல் 75 ரூபாய் வரை இருந்தது. ஆக உலோகத்துக்கு மேல் இரண்டாயிரம் ரூபாய்க்கு அதிகமாகக் கொடுத்திருக்கிறோம். வண்ணத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் பெட்டிக்கும் வரிக்கும் அது போகிறது.

இதற்கு முகமதிப்பு இல்லை. ஆகவே நாணயச் சேகரிப்பில் இதற்கு இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் மரபான சேகரிப்பாளர்கள். நான் அவர்கள் பக்கம். தொகுப்பில் நாணயத்தையும் பதக்கத்தையும் கலந்து வைத்தால் பின்னால் பார்ப்பவருக்கு எது அரசு ஆணையால் வந்தது, எது கடைப்பொருள் என்று தெரியாமல் போகும். இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வையுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் இது நாணயத்தைவிட வசதி. பதக்கத்தை உருக்கச் சட்டத் தடை இல்லை. அவசரத்துக்கு வெள்ளி விலையாவது கிடைக்கும், அதுவும் அரசு நாணயச்சாலையின் தூய்மை முத்திரையோடு. அப்புறம், பரிசாகக் கொடுக்க இது போல ஒன்று அமைவது கடினம். வாங்குபவருக்குப் புரூஃப், யுஎன்சி வித்தியாசமெல்லாம் விளக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தாலே முகம் மலரும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலோகத்தில் பொறித்தது நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் என்பதற்குச் சான்று அருங்காட்சியகம் முழுக்க இருக்கிறது. மேலே அச்சிட்ட வண்ணத்துக்கு அப்படி நீண்ட சான்று இல்லை. விரலால் தொடாமல், வெயில் படாமல், கேப்சூலிலிருந்து எடுக்காமல் வைத்திருங்கள்.

## தங்கம்

2015 நவம்பரில் வந்த இந்தியத் தங்க நாணயம் ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தி. அடிப்பது நம் நாணயச்சாலை. இதைச் சேகரிப்பாக நினைக்காதீர்கள், தங்கச் சேமிப்பாக நினையுங்கள். கடைத் தங்க நாணயத்தோடு விலையை ஒப்பிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

## அதே பணத்தில் பழைய காசு

இது நாணயச்சாலைப் பட்டியலில் இல்லாத வழி. ஆனாலும் ஒப்பீட்டில் இது இல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

ராஜராஜ சோழனின் செப்புக்காசு பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சுமாரான நிலையில் உள்ளவற்றை சில நூறு ரூபாய்க்கே வாங்கலாம். ராஜராஜனை நினைவுகூரும் 1000 ரூபாய் நாணயம் ஒரு பக்கம், ராஜராஜன் காலத்தில் ஒருவர் மடியில் முடிந்து வைத்திருந்த காசு இன்னொரு பக்கம். இரண்டில் விலை குறைந்தது ஆயிரம் வருடப் பழையது! எனக்கு இது இன்றும் வியப்புத்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசு, மதுரை நாயக்கர் காசு என்று இந்த வழி நீண்டுகொண்டே போகும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், போலியில். வார்ப்பில் செய்த போலிகள் நிறைய உண்டு. படிக்க வேண்டும், பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியை இரண்டு மூன்று தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்குங்கள். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள், வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவோ அனுப்பவோ கூடாது. மண்ணில் கிடைத்த புதையல் என்றால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ‘வயலில் எடுத்தது’ என்று கதை சொல்லி விற்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | சட்டப்படி நாணயமா | உள்ளே வெள்ளி | திரும்ப விற்க | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| புழக்க நாணயம் | ஆம் | இல்லை | எப்போதும் முகமதிப்பு உண்டு | நேரம், வதந்தி |
| யுஎன்சி செட் | ஆம் | புரூஃபில் உள்ளதே | சேகரிப்பாளர் மட்டும் | உறை, ஈரம் |
| புரூஃப் செட் | ஆம் | வெளியீட்டுக்கு ஏற்ப மாறும் | சேகரிப்பாளர் மட்டும் | கூடுதல் விலை, மெருகேற்றிய போலி |
| வண்ண வெள்ளி, பதக்கம் | இல்லை | பொருளுக்கு ஏற்ப, பார்த்து வாங்க வேண்டும் | வெள்ளி விலையாவது கிடைக்கும் | வண்ணத்தின் ஆயுள் |
| பழைய காசு | இன்று செல்லாது | பெரும்பாலும் செம்பு | தெரிந்தவர்களிடம் எளிது | போலி, தொல்பொருள் சட்டம் |

## அந்த மூன்று பேருக்கும் நான் எழுதிய பதில்

ஆசிரியைக்கு: முதல் வருடம் இணையதளத்தின் பக்கமே போக வேண்டாம் என்றேன். 38 ரூபாய் வரிசையிலிருந்து தொடங்குங்கள். நாணயச்சாலைக் குறிகளைத் தேடட்டும். 5 ரூபாய் தமிழ்த் தலைவர்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கட்டும். பிறந்தநாளுக்கு ஒரு ராஜராஜன் காசு வாங்கிக் கொடுத்துவிட்டு தஞ்சாவூருக்கு அழைத்துப் போங்கள். மூவாயிரத்தில் பேருந்துக் கட்டணம் போக மீதி இருக்கும். அவனுக்கு ஆசை தங்கியிருந்தால் அடுத்த வருடம் அவனே தேர்ந்தெடுத்த ஒரு யுஎன்சி செட்.

காதுகுத்துக்கு வாங்க நினைத்த தாத்தாவுக்கு: வண்ண வெள்ளியோ தூய வெள்ளிப் பதக்கமோ தயங்காமல் வாங்குங்கள். புரூஃப் செட் வேண்டாம். அந்தக் குழந்தை பெரியவளாகி அவசரத்துக்கு விற்க நினைத்தாலும் இதற்குச் சட்டச் சிக்கல் இல்லை. தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். பதக்கத்தின் மேல் பொறிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓய்வுபெற்றவருக்குத்தான் நீண்ட கடிதம் எழுதினேன். விட முடியாமல் தவிப்பது எனக்குப் புரிகிறது. ஒரு வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தால் தூக்கம் வராது, சேகரிப்பவனுக்கு அது தெரியும். அவருக்குச் சொன்னது: ‘எல்லாமும்’ என்ற வரிசையை மூடிவிட்டு, முடிக்கக்கூடிய ஒரு வரிசையைத் திறங்கள். உதாரணமாக, தமிழோடு தொடர்புள்ளவை. 1995 திருவள்ளுவர், காமராஜர், அண்ணா, சி.எஸ்., பெரிய கோயில், எம்.எஸ்., எம்.ஜி.ஆர். 2024ல் கலைஞர் நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய், அதில் ‘தமிழ் வெல்லும்’ என்று தமிழிலேயே பொறித்திருக்கிறது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெளியிட்ட ராஜேந்திர சோழன் நாணயம். இரண்டு கைக்குள் அடங்கிவிடும் வரிசை. அவரிடம் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன.

மீதி உள்ளவற்றை என்ன செய்வது என்று கேட்டு மறுபடி எழுதியிருந்தார். ஒரே நாளில் ஒரே வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். பெட்டி, சான்றிதழ், வாங்கிய ரசீது மூன்றையும் ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பட்டியல் எடுங்கள். தூய வெள்ளி உள்ளவற்றைத் தனியாக ஒதுக்குங்கள், அவற்றுக்கு விலை முதலில் கிடைக்கும். 50 விழுக்காடு கலவை உள்ளவற்றை அடுத்த கண்காட்சிக்கு எடுத்துப் போய், இன்னொரு சேகரிப்பாளரிடமே மாற்றிக்கொள்ளப் பாருங்கள். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசினார். பட்டியல் பாதி முடிந்துவிட்டதாம். 1995 திருவள்ளுவர் இரண்டு ரூபாய் மட்டும் நல்ல நிலையில் அகப்படவில்லை, உங்களிடம் கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.